பினாயில் அக்காவின் கோழிக்கூண்டு

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மடியில் குழந்தை இருந்தால் தட்டிக்கொண்டே கேளுங்கள். கோழிகளைப் புதுக் கூண்டில் அடைய வைக்கப் பாடாய்ப் பட்ட ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துவிடுங்கள். பின்னால் போகப் போக அதற்கு இடம் இருக்காது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலையில் ஒருத்தி இருந்தாள். டாக்டர் முதல் வாசல் காவலாளி வரைக்கும் அவளைப் பினாயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வருவதற்கு முன்னால் அவள் வாசனை வந்துவிடும். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்கு அதில் பெருமை. அவள் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம். பின்பக்கமாக நடந்துகொண்டேதான் துடைப்பாள். தான் துடைத்த இடத்தில் தன் கால்தடம்கூட விழக் கூடாது. கட்டில் கால் எங்கே, நாற்காலி எங்கே என்று திரும்பிப் பார்க்காமலே அவள் முதுகுக்குத் தெரியும்.

வீட்டிலும் அதே கதைதான். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கையகலத்துக்கு ஒரு முற்றம். நம் வீட்டுக்கு எறும்பு வந்தாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் வரும் என்பார் அவள் புருஷன். அவர் ஒரு மரக்கிடங்கில் காவல்காரர், வாய் கொஞ்சம் நீளம். "கல்யாணமான புதுசுல என்னையும் சேர்த்து ஊறவெச்சுத்தான் துவைச்சா. அதுல போன சாயம்தான் இது," என்று வெளுத்த தலையைத் தடவிக் காட்டுவார்.

அவளுக்கு ஒரு தங்கச்சி உண்டு. சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் சின்னவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஆளாக்கியது பெரியவள்தான். பாசம் என்றால் பெரியவளுக்குத் தெரிந்தது தேய்ப்பதுதான். காது மடல், கழுத்து, கால் விரலிடுக்கு என்று தேய்த்துத் தேய்த்து வளர்த்தாள். சின்னவள் வளர்ந்து ஆளான பிறகும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்: "நான் பொறக்கும்போது கறுப்பு. எங்க அக்கா தேய்ச்சதுல பாதிதான் மிஞ்சியிருக்கேன்."

சின்னவளுக்குப் புருஷன் தவறிவிட்டான், பிள்ளையும் இல்லை. ஊரின் இன்னொரு கோடியில், மேட்டை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். பழைய காகிதத்தில் பை ஒட்டிக் கடைகளுக்குக் கொடுப்பாள், பின்னால் ஒரு கூண்டில் கோழி வளர்ப்பாள். பசை வாசனையும் கோழி வாசனையும் கலந்து அடிக்கும் வீடு. அங்கே போனால் பெரியவள் உட்காரவே மாட்டாள். நின்றபடியே தங்கையின் கையைப் பிடித்து, நகக்கண்ணில் காய்ந்திருக்கும் பசையை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாள்.

அந்த வீட்டுப் பின்சுவரில் விரிசல் விட்டது. முதலில் நூல் போல இருந்தது. அப்புறம் விரல் நுழைகிற அளவுக்கு வந்தது. நகராட்சி ஆட்கள் வந்து பார்த்தார்கள், சுவரில் சிவப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்கள், மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றோடு பெரியவளுக்குத் தூக்கம் போயிற்று. வேலை முடிந்ததும் நேராக அங்கே போய் நிற்பாள். கெஞ்சுவாள், திட்டுவாள், அழுவாள்.

"கோழிங்களை என்ன பண்றது?" என்பாள் சின்னவள்.

"கோழிங்களையும் கூட்டிக்கிட்டு வாடி. மாமா கூண்டு செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டாரு."

"உன் வீட்டுல கோழியா? அதுங்களுக்கும் காலுறை மாட்டிவிடுவியே."

சிரித்துச் சிரித்தே நாளைக் கடத்தினாள். கடைசியில் ஒரு நாள், மேட்டிலிருந்து ஒரு கல் உருண்டு வந்து கூரையில் விழுந்த பிறகுதான், சரி வருகிறேன் என்றாள்.

சின்னவளின் தெருக்கோடி சுமை ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கூடை நிறைய கோழிகள், காகிதக் கட்டு, பசைச் சட்டி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு தகரப் பெட்டி, அப்புறம் ஒரு நீளமான கம்பு. வாசலில் கால் வைத்ததும் சின்னவள் மூக்கைச் சுருக்கினாள். "என்னக்கா, ஆஸ்பத்திரிக்கே வந்துட்டேனா? டோக்கன் எங்க வாங்கணும்?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. தங்கச்சி வந்துவிட்டாள். இனி மழை எப்படி வேண்டுமானாலும் பெய்யட்டும்.

காவல்காரர் கூண்டை அருமையாகச் செய்திருந்தார். கிடங்கில் கழித்துப்போட்ட பலகைகள், கம்பி வலை, நீலப் பெயிண்ட், மேலே சாய்வாகத் தகரம். "இதுல நானே படுத்துக்கலாம் போல இருக்கு. வீட்டுக்குள்ள இருக்கறதைவிட நிம்மதியா இருக்கும்," என்றார். சின்னவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், மாமாவைப் புகழ்ந்தாள், பிறகு அந்தக் கம்பைக் காட்டினாள். கோணல்மாணலான ஒரு மரக்கிளை. வருஷக்கணக்காகக் கோழிகள் உட்கார்ந்து உட்கார்ந்து மேல்பக்கம் மினுமினுப்பேறியிருந்தது. அடிப்பக்கம் காய்ந்த எச்சம். சின்னவளின் பசைக் கை பட்டுப் பட்டு ஓரத்தில் காகிதத் துணுக்குகள் ஒட்டிப்போயிருந்தன.

"இதை உள்ள கட்டிட்டா போதும்க்கா. இதுங்களுக்கு இதான் கட்டில். பழைய கூண்டுல ரெண்டு கம்பு இருந்துச்சு. ஒண்ணைத்தான் எடுக்க முடிஞ்சுது. இன்னொண்ணு பின்சுவர்ல செருகியிருக்கு."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவதற்குள் பெரியவள் என்ன செய்தாள் தெரியுமா? நீங்களே ஊகித்திருப்பீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை மளமளவென்று ஊற்றி, கம்பி நாரால் அந்தக் கம்பைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டாள். கம்பு எலும்பு மாதிரி வெளுத்துப்போயிற்று.

"என்னக்கா பண்ணினே?"

"எத்தனை வருஷத்து அழுக்கு! தண்ணி கறுப்பா ஓடுச்சு, பார்த்துக்கோ."

சின்னவள் கம்பை எடுத்து மூக்கருகே வைத்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையே," என்றாள்.

பெரியவள் காதில் அது பாராட்டாகத்தான் விழுந்தது.

சாயங்காலம் வந்தது. வெளிச்சம் குறையும் நேரத்தில் கோழிகள் தாமாகவே கூண்டுக்குப் போய்விடும், அது அவற்றின் சுபாவம். இவையோ முற்றத்தின் நடுவில் கும்பலாக நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவற்றுக்கெல்லாம் தலைவி, தடித்த செம்பழுப்புக் கோழி ஒன்று. அதற்குச் சின்னவள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டரம்மா. அது மட்டும் நிதானமாக நடந்து கூண்டு வாசலுக்குப் போயிற்று. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. சட்டென்று பின்வாங்கி, தலையை உதறிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. அவ்வளவுதான், மற்றவையும் மாட்டேன் என்றன. ஒன்று துவைக்கிற கல்லில் ஏறிற்று, ஒன்று காவல்காரரின் சைக்கிள் சீட்டில், மீதி எல்லாம் மதில் மேல்.

ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து உள்ளே விட்டார்கள். கதவைச் சாத்தியும் அவை கம்பில் ஏறவில்லை. வாசல் வலையோடு ஒட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடி, பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி நின்றன.

"பார்த்தியாக்கா, அதுங்களுக்கே பிடிக்கல," என்றாள் சின்னவள்.

"புது இடம். பழகிடும்."

"சரி, ஒரு பந்தயம். என்னிக்கு இதுங்க யாரும் பிடிச்சுவிடாம தானா உள்ள போய் அடையுதோ, அன்னிக்கு என் பெட்டிக் கயித்தை அவுத்துடறேன். அப்புறம் நீ விரட்டினாலும் போக மாட்டேன். அடையலைன்னு வை, நான் கோழியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"எங்கடி போவே? அந்த விரிசல் வீட்டுக்கா?"

"அது என் வீடுக்கா."

விளையாட்டாகச் சொன்னாளோ, நெஞ்சைத் தொட்டுச் சொன்னாளோ! பெரியவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கோழி அடைந்தால் தங்கச்சி தங்குவாள். தங்கச்சி தங்கினால் உயிரோடு இருப்பாள். அவள் மனதில் கணக்கு அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்துவிட்டது. மூலையில் கயிறு போட்ட தகரப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் முற்றத்துக்குப் போய்க் கோழிகளை எண்ணிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைக் கேளுங்கள். கோழிகளை நாள்கணக்கில் கூண்டுக்குள்ளேயே அடைத்துவைத்துப் பார்த்தாள். தீனியை உள்ளே மட்டும் வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் வேண்டியிருக்குமோ என்று கூண்டுக்குள் பல்பு தொங்கவிட்டாள். ஒரு நாள் தானே முட்டி போட்டுத் தவழ்ந்து உள்ளே போய், "பா, பா, பா" என்று கூப்பிட்டாள். காவல்காரர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு அடைஞ்சிடுச்சு. கதவைச் சாத்தட்டுமா?" என்றார்.

பக்கத்துக் கறிக்கடைக்காரர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். "எங்கிட்ட குடுங்கக்கா. ஒரே நாள்ல எல்லாத்தையும் அசையாம உட்கார வெச்சிடறேன்."

"உன் நாக்குல பினாயிலை ஊத்த!" என்பாள் பெரியவள்.

"ஊத்துங்க ஊத்துங்க, இந்தத் தெருவுல அது ஒண்ணுக்குத்தான் பஞ்சமே இல்லை."

எல்லாம் செய்தாள். ஒன்றை மட்டும் விடவில்லை. விடியும் முன்னால் எழுந்து, வேலைக்குப் போவதற்குள் கூண்டை முழுக்கக் கழுவுவாள். தரைப் பலகை, வலை, கம்பு எதையும் விடமாட்டாள். முதல் நாள் விழுந்த எச்சம், உதிர்ந்த இறகு, கோழிகள் கிளறிப் படுத்த வைக்கோல், எல்லாம் போய்விடும். மேலே பினாயில் தெளிப்பாள். சாயங்காலம் வந்து இன்னொரு முறை. கோழிகள் சங்கடப்படக் கூடாதே, தங்கச்சியின் கோழிகளாயிற்றே என்று ஆஸ்பத்திரித் தரையைவிட அதிகமாகத் துடைத்தாள். கோழிகள் அடையாமல் போகப் போக, இன்னும் எங்கேயோ அழுக்கு இருக்கிறது என்று அழுத்தித் தேய்த்தாள்.

சின்னவளின் பாயும் தலையணையும் அப்படித்தான். அவள் எழுந்த கையோடு உறை துவைக்கப் போய்விடும். பசைச் சட்டி தினமும் கவிழ்த்துக் கழுவி வைக்கப்பட்டிருக்கும்.

"அக்கா, கொஞ்சம் அழுக்காத்தான் விடேன். தினமும் எழுந்திருக்கும்போது, நேத்து நான் இங்கதான் படுத்தேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"அழுக்குல என்னென்ன வரும்னு உனக்கு என்னடி தெரியும்? நான் தினமும் பார்க்கறவ. நகத்தைக் காட்டு."

சின்னவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு வந்தது. அதைப் பெரியவள் பார்த்தாள். காரணம்தான் தெரியவில்லை. கோழி அடையாததால்தான் என்று நினைத்தாள்.

மழைக்காலம் தொடங்கிற்று. ஒரு நாள் பெரியவள் ஆஸ்பத்திரியிலிருந்து வர நேரமாகிவிட்டது. சின்னவள் கோழிகளைப் பிடித்துப் பிடித்து விட்டதில் ஒன்று விடுபட்டுப்போயிற்று. ஒரு கால் ஊனமான வெள்ளைக் கோழி, மதில் ஓரத்தில் பதுங்கியிருந்தது. காலையில் பார்த்தால் முற்றத்தில் வெறும் இறகுதான். பூனை வேலை.

சின்னவள் இறகுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் நகரும்முன் பெரியவள் வாளியும் துடைப்பமுமாக வந்து, தண்ணீரை வீசி ஊற்றிவிட்டாள். இறகு, ரத்தம் எல்லாம் சாக்கடைக்குள் போயின. அதுதான் பெரியவளின் ஆறுதல். வேறு விதமாக அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

சின்னவள் வெடித்துவிட்டாள்.

"நான் அழறதுக்குள்ள கழுவிட்டியே! ஒரு நிமிஷம் விட மாட்டியா? உன் வீட்டுல எதுக்குமே இடம் இல்லக்கா. கோழிக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

"இடம் இல்லையா? யாருக்குடி இடம் இல்லை? உனக்காகத்தானே நாய் மாதிரி உழைக்கிறேன்!"

"எனக்காகப் பண்ணாதே. நான் போறேன்."

"போ! அந்த ஓட்டை வீட்டுக்கே போ! சுவர் விழுந்து தலையில..."

அதற்கு மேல் பெரியவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான், அதைத் துடைக்க எந்தத் துணியும் கிடையாது. அன்று முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. காவல்காரர் நடுவில் உட்கார்ந்து, "உப்பு வேணும்னு உங்க அக்காகிட்ட சொல்லு" என்கிற மாதிரி ஏதேதோ செய்து பார்த்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பெரியவள் செருப்பு மாட்டும்போது சின்னவள் வாசல்வரை வந்தாள்.

"அக்கா, சாயங்காலம் சீக்கிரம் வா."

பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நேற்றைய வீம்பு அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது. குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பகல் முழுக்க மழை கொட்டியது. அவளுக்கு அன்று அவசரப் பிரிவில் வேலை. மழை நாளில் அங்கே தரையைச் சுத்தமாக வைத்திருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். வழுக்கி விழுந்தவர்களைக் கொண்டுவரும் இடத்திலேயே ஆள் வழுக்கி விழக் கூடாதே! அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். மனசு மட்டும் வீட்டில். சீக்கிரம் போக வேண்டும், போனதும் மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அது வாயில் வராவிட்டால் அவள் தலைக்கு எண்ணெயாவது தேய்த்துவிட வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல், அவள் பக்கத்து அறைக்குத் தண்ணீர் மாற்றப் போயிருந்த சமயம், ஸ்ட்ரெச்சர் ஒன்று அவசரமாக உள்ளே போகிற சத்தம் கேட்டது. அவள் வாளியோடு திரும்பி வந்து பார்த்தால், அப்போதுதான் துடைத்த தரையில் வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் செம்மண் சேறு. சக்கரத் தடம் இரண்டு கோடாக ஓடியிருந்தது, நடுவில் பொத்து பொத்தென்று மண் கட்டி.

"கண்ணு தெரியாதா உங்களுக்கெல்லாம்? ஒரு சாக்கைப் போட்டுச் சக்கரத்தைத் துடைச்சா என்ன கொறஞ்சு போயிடும்?" என்று சத்தம் போட்டாள்.

வாசலிலேயே ஒரு வார்டு பாய் நின்றிருந்தான். அவளைப் பார்த்தான், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கிப்போய்விட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவள் வாசலில் ஆரம்பித்தாள். மாப்பைப் பிழிந்து போட்டு, குனிந்து, அவள் வழக்கப்படி பின்பக்கமாகவே நடந்து, சேற்றைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். ஒரு தடம் விடாமல் துடைத்தாள். மண் கட்டிகளைக் கையால் பொறுக்கி வாளியில் போட்டாள். ஒன்றில் சிவப்பு மை ஒட்டியிருந்தது. அதையும் போட்டாள்.

அவள் குதிகால் ஒரு சக்கரத்தில் இடித்தது. நிமிர்ந்தபோது, போர்வைக்கு வெளியே தொங்கிய கை அவள் தோளில் பட்டது.

பெரியவள் திரும்பி முதலில் பார்த்தது முகத்தை அல்ல. முகம்தான் மூடியிருந்ததே. நகத்தைத்தான் பார்த்தாள். நகக்கண்ணில் காய்ந்த பசை இருந்தது.

கண்ணுகளா, அந்த நேரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அவள் கத்தினாள் என்று சிலர் சொன்னார்கள். கத்தவே இல்லை, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று நர்ஸம்மா சொன்னாள். சுத்தமான தரை. அவள் தங்கச்சி வந்த வழி அதில் எங்கேயும் இல்லை. அவளே துடைத்துவிட்டாள்.

சுமை ஆட்டோக்காரர்தான் கொண்டுவந்திருந்தார். முழங்கால்வரை சேறு. சுவரோரம் நின்றுகொண்டு தலையைத் தூக்காமலே சொன்னார்:

"காலையில வந்துச்சும்மா. மழை இவ்வளவு பெய்யுதே, எதுக்கு வந்தேன்னு கேட்டேன். அக்கா வீட்லயே இருந்துடப் போறேன்ணே, அக்கா கெட்ட கோவத்துல இருக்கா, சாயங்காலம் அவ வர்றப்போ கோழிங்க தானா அடையறதைக் காட்டணும்னு சொல்லிச்சு. பழைய கூண்டுக் கம்பு ஒண்ணு பின்னாடி சுவர்ல இருக்கு, அதுல அதுங்க வாசனை அப்படியே இருக்கும், அதைப் பார்த்தா அடைஞ்சிடும்னு சொல்லிட்டு உள்ள போச்சு. சத்தம் கேட்டு ஓடினேன். பின்சுவர் மொத்தமா..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "கம்பை உருவினதாலயா, மழையாலயா, தெரியலம்மா. மண்ணைத் தள்ளி எடுக்கும்போது கையில இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. லேசுல பிரிக்க முடியல. வண்டியிலதான் கிடக்கு."

எல்லாம் முடிந்தது. ஆள்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். வீட்டில் யார் யாரோ நடந்த தடம், யாரும் எடுக்காத டம்ளர்கள். பெரியவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை, எதையும் துடைக்கவில்லை. கோழிகளுக்குக் காவல்காரர்தான் குறுணை போட்டார். கூண்டை அவரும் கழுவவில்லை. பூனை தூக்கிவிடுமே என்று சாயங்காலம் பிடித்து உள்ளே விடுவார், காலையில் திறந்துவிடுவார், அவ்வளவுதான். எச்சம் விழுந்தது விழுந்தபடி கிடந்தது.

பிறகு ஒரு நாள் பெரியவள் எழுந்தாள். தங்கச்சி படுத்த மூலைக்குப் போனாள். தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பினாயில்தான் அடித்தது. போர்வையை எடுத்தாள், அதிலும் அதேதான். பசைச் சட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் சின்னவளின் புடவைகள் மடித்து அடுக்கியிருந்தன. மூலைக்குத் திரும்பித் தகரப் பெட்டியைப் பார்த்தாள். மேலே கயிறு இல்லை. திறந்தாள், காலி. அன்று காலை அக்கா வேலைக்குப் போன பிறகு சின்னவள் அடுக்கியிருக்கிறாள். ஆவலோடு புடவைகளை அள்ளி முகத்தைப் புதைத்தாள். வந்த அன்றைக்கே அத்தனையையும் வாங்கிப் பிளீச்சிங் பவுடரும் சோப்புமாகத் துவைத்த பிறகுதான் பெட்டியில் திரும்பக் கட்டி வைக்க விட்டவள் அவள்தானே. அவற்றில் ஒன்றுமே இல்லை.

வீடு முழுக்கத் தேடினாள். ஒரு தலைமுடி, ஒரு காகிதத் துணுக்கு, சுவரில் பசைக் கை பட்ட ஒரு கறை கிடைக்காதா என்று தேடினாள். அவ்வளவு திறமையான வேலைக்காரி அவள். தங்கச்சி அந்த வீட்டில் இருந்தாள் என்பதற்கு எங்கேயும் அடையாளம் விடவில்லை.

காவல்காரர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "அந்தக் கம்பு முற்றத்துல சாத்தி வெச்சிருக்கேன்."

பெரியவள் முற்றத்துக்குப் போனாள். மழை விட்டிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கம்பு மதிலில் சாய்ந்திருந்தது, செம்மண் அப்பி, எச்சம் அப்பி, நுனியில் ஒரு காகிதத் துணுக்கு ஒட்டி. கை பழக்கத்தில் வாளியை நோக்கிப் போயிற்று. விரல் பிடியைத் தொட்டது. அப்படியே எடுத்துக்கொண்டாள்.

கூண்டுக் கதவுக் கொக்கியில் தகரப் பெட்டிக் கயிறு சுருட்டித் தொங்கவிட்டிருந்தது. கம்பு கட்டுவதற்கென்று சின்னவள் எடுத்து வைத்துவிட்டுப் போனது. பெரியவள் முட்டி போட்டு உள்ளே நுழைந்து, வெளுத்த கம்பைக் கழற்றி வீசினாள். அழுக்குக் கம்பை அந்தக் கயிற்றாலேயே கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். வெளியே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா வந்தது. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது. ஒரு காலை வைத்தது. இன்னொரு காலையும் வைத்தது. உள்ளே போய்த் தத்தி, கம்பில் ஏறி, இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்து, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பிறகு மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. யாரும் பிடித்துவிடவில்லை. தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்கார்ந்து, தொண்டைக்குள் ஏதோ முனகிக்கொண்டு, கண்ணை மூடின.

கறிக்கடைக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். வரிசையாக அடைந்த கோழிகளைப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"அடைஞ்சிடுச்சு," என்றார் காவல்காரர்.

"அடைஞ்சிடுச்சு," என்றாள் பெரியவள். வீட்டுக்குள்ளே திரும்பி, காலியாகக் கிடந்த மூலையைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். "அடி, உன் கோழிங்க அடைஞ்சிடுச்சுடி."

அவள் மறுபடி முட்டி போட்டுக் கூண்டு வாசலில் தலையை நுழைத்துக்கொண்டாள். உள்ளே எச்சமும் இறகும் ஈர மண்ணும் பழைய பசையும் கலந்து அடித்தது. நின்றபடியே பேசிவிட்டு வருவாளே, அந்த வீட்டின் வாசனை. உலகத்தில் அது மிச்சம் இருந்த ஒரே இடம் அதுதான். மூச்சை இழுத்து இழுத்து வாங்கினாள். கோழிகள் அவளுக்குப் பயப்படவில்லை. இருட்டி வெகுநேரம் ஆகியும் அவள் தலையை வெளியே எடுக்கவில்லை. காவல்காரர் அவள் முதுகில் ஒரு போர்வையைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரியில் துடைத்தாள், வயிறு இருக்கிறதே. அந்தக் கூண்டைத் தண்ணீர் தொட்டுக் கழுவவே இல்லை. ஆனால் கண்ணுகளா, வாசனையும் நிற்கிற பொருள் இல்லை. நாளாக நாளாகப் பழைய வீடு போய், கோழி மட்டும் மிஞ்சியது. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் தினமும் சாயங்காலம் முட்டி போட்டாள்.

அவ்வளவுதான் கதை. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சுவர்கள் எந்த மழைக்கும் அசையாமல் நிற்கட்டும். காலையில் வீம்போடு வெளியே போனவர்களுக்குச் சாயங்காலம் வந்து பேச நேரம் இருக்கட்டும். வந்து தங்கியவர்கள் பெட்டியைப் பிரித்து வைக்கட்டும், வைத்த இடத்தில் நிலைக்கட்டும். உங்கள் தலையணைகளில் உங்கள் பிள்ளைகளின் எண்ணெய் வாசனை இருக்கட்டும், சுவரில் அவர்கள் கைக்கறை இருக்கட்டும். அதைத் துடைக்க உங்களுக்கு ஒருநாளும் நேரமே கிடைக்காமல் போகட்டும். நன்றாக இருங்கள், என் கண்ணுகளா.